அறுவை சிகிச்சைக்குப் பின் காய்ச்சல்: வார்டில் காரணத்தைத் தேடும் வரிசை

சர்ஜரி வார்டில் ராத்திரி ட்யூட்டி என்றால் இந்த அழைப்பு வராமல் இருக்காது: “டாக்டர், ஆபரேஷன் பண்ணின பெரியவருக்கு உடம்பு காந்துதுங்க, கொஞ்சம் வந்து பாருங்க.” புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் போனிலேயே பாராசிட்டமால் ஏற்றச் சொல்கிறார். காலையில் லேபில் இருக்கிற எல்லா டெஸ்டுக்கும் சீட்டு எழுதுகிறார். மதியத்துக்குள் ஆன்டிபயாடிக்கை இன்னொரு பெரிய மருந்தாக மாற்றிவிடுகிறார். மூன்றும் சில நேரம் தேவைப்படுகிற காரியங்கள்தான். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் முன்பே செய்தால், காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பதை அந்த மூன்றுமே மறைத்துவிடும்.

சேலம் வட்டார வார்டுகளில் புதிய ஹவுஸ் சர்ஜன்களும் ஸ்டாஃப் நர்ஸ்களும் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதியது இது. பெரியவர்களுக்கு மட்டும், குழந்தைகளுக்கு மருந்தளவும் அணுகுமுறையும் வேறு. உங்கள் யூனிட் சீஃப் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் செல்லும்.

1. கட்டிலுக்குப் போகும் முன் கேஸ் ஷீட்

ஆள் மயங்கிக் கிடக்கிறார், மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் கேஸ் ஷீட்டை விட்டுவிட்டு ஓடுங்கள். இல்லையென்றால் இரண்டு நிமிடம் ஷீட்டோடு இருங்கள்.

முதலில் ஆபரேஷன் நடந்த தேதியும் மணியும். “நேத்துதான் பண்ணினாங்க” என்று அட்டெண்டர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தாநாள் காலை 8 மணிக்குத் தியேட்டருக்குப் போனவருக்கும் நேற்று ராத்திரி 11 மணிக்குப் போனவருக்கும் வீட்டார் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். உங்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

அடுத்து, என்ன ஆபரேஷன், உள்ளே சீழோ மலமோ இருந்ததா என்று ஆபரேஷன் நோட்ஸில் பாருங்கள். குடலிறக்கத்துக்கு வலை வைத்தவர் ஒரு வகை. வெடித்த குடல்வாலை எடுத்தவர் வேறு வகை. இரண்டாமவருக்குத் தியேட்டருக்குப் போகும்போதே காய்ச்சல் இருந்திருக்கும், அது அடங்கச் சில நாள் எடுக்கும். அதைப் புதுக் காய்ச்சல் என்று எண்ணிப் பதறுகிறவர்கள் நிறைய.

பிறகு உடம்பில் செருகியிருக்கும் ஒவ்வொரு குழாயும் எந்தத் தேதியில் போட்டது, ரத்தம் ஏற்றினார்களா, எப்போது ஏற்றினார்கள், என்னென்ன மருந்து ஓடுகிறது, சர்க்கரை உண்டா, முன்பு ஸ்டீராய்டு சாப்பிட்டவரா என்று பாருங்கள். கையுறை, டார்ச், டிரெஸ்ஸிங் செட் மூன்றையும் எடுத்துக்கொண்டே போங்கள். டிரெஸ்ஸிங் செட் இல்லாமல் போகிறவர் “காலையில் பார்க்கலாம்” என்று காயத்தைத் திறக்காமல் திரும்பிவிடுவார்.

2. காய்ச்சல்தானா என்று அளந்து பாருங்கள்

100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போனால் காய்ச்சல். நெற்றியில் கை வைத்துச் சொல்வதை நம்ப வேண்டாம்; அசட்டையும் செய்ய வேண்டாம், அளந்துவிடுங்கள்.

அக்குளில் அளந்தால் வாயில் அளப்பதைவிடச் சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைவாகக் காட்டும். சார்ட்டில் எங்கே அளந்தது என்று எழுதாவிட்டால், காலையில் அக்குளிலும் மாலையில் வாயிலும் எடுத்த இரண்டு எண்கள் ஏறிய காய்ச்சலாகத் தெரியும். சூடாகக் காபி குடித்த வாயில் உடனே வைக்காதீர்கள், கால் மணி நேரம் பொறுங்கள். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி ஃபேன் காற்றிலும் வியர்வையிலும் தப்பாகக் காட்டும். முடிவெடுக்க அது போதாது.

ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத வார்டில் ஃபேனுக்கு எட்டாத மூலைக் கட்டிலில், கம்பளியையும் போர்த்திப் படுத்திருப்பவருக்கு உடம்பு சூடாகத்தான் இருக்கும். கம்பளியை எடுத்து, தண்ணீர் குடிக்கலாம் என்றால் குடிக்கவைத்து, அரை மணி கழித்து மறுபடி அளக்கலாம். இந்தச் சலுகை நாடியும் ரத்த அழுத்தமும் சரியாக இருப்பவருக்கு மட்டும்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. வலிக்காக வேளை தவறாமல் பாராசிட்டமாலோ டைக்ளோஃபினாக்கோ ஓடிக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல் தலைகாட்டாது. ஸ்டீராய்டு எடுப்பவர், வயதானவர், சிறுநீரகம் பழுதானவர் ஆகியோருக்கு உள்ளே சீழ் கட்டியிருந்தாலும் தெர்மாமீட்டர் 98.6 காட்டலாம். சார்ட் சுத்தமாக இருக்கிறது என்று அவர்களைக் கடந்து போகாதீர்கள்.

3. நாடி, மூச்சு, அழுத்தம், நினைவு, சிறுநீர்

காரணத்தைத் தேடும் முன், தேட நேரம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், மேல் அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ், பேச்சில் குழப்பம் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் தனியாக யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆக்ஸிஜன், ட்ரிப்ஸ், சீனியருக்குப் போன். சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லிக்குக் குறைந்தாலும் அப்படியே.

புதியவர்கள் எழுதும் நோட்ஸில் மூச்சு எண்ணிக்கை எப்போதும் 18 அல்லது 20 ஆகவே இருக்கிறது. எண்ணாமல் எழுதினால் அப்படித்தான் இருக்கும். வாட்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உடம்புக்குள் நடக்கும் கோளாறை முதலில் சொல்வது பெரும்பாலும் மூச்சுதான்.

நாடியையும் காய்ச்சலோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி சுமார் பத்து கூடும். 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்துக்கு நாடி 130 ஓடுகிறது என்றால் கணக்கு இடிக்கிறது. ரத்தக் கசிவு, குடல் தையல் விட்டுப்போனது, நுரையீரலில் ரத்தக்கட்டி என்று மனம் போக வேண்டும்.

4. நாளை எண்ணுங்கள்

ஆபரேஷன் நடந்த நாள் பூஜ்யம். மறுநாள் ஒன்று. இந்த எண்ணை நோட்ஸின் தலையில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். ஒரே 101 டிகிரி காய்ச்சலுக்கு முதல் நாளில் ஒரு பொருள், ஆறாம் நாளில் வேறு பொருள்.

*முதல் 48 மணி நேரம்.* இந்தக் காலத்தில் வரும் காய்ச்சல் பெரும்பாலும் தொற்றே இல்லை. கத்தி பட்டுச் சிதைந்த திசுக்கள் சில வேதிப்பொருட்களை ரத்தத்தில் விடுகின்றன, அவை மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டை உயர்த்துகின்றன. பெரிய ஆபரேஷன் என்றால் கூடுதல் காய்ச்சல். துளை போட்டுச் செய்த பித்தப்பைக்குக் குறைவு. மூட்டு மாற்றியவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் அடிப்பது சாதாரணம். ஆள் தெளிவாகப் பேசி, நாடி அடங்கி, காயம் சரியாக இருந்தால் டெஸ்டும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். தானே இறங்கும்.

கல்லூரியில் எல்லோரும் மனப்பாடம் செய்த ஐந்து டபிள்யூ (காய்ச்சலின் காரணங்களை நாள்வாரியாக நினைவில் வைக்கும் ஆங்கிலச் சூத்திரம்) இங்கேதான் காலை வாருகிறது. முதல் நாள் காய்ச்சல் என்றால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியதால் என்று அது சொல்லும். ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் சுருங்குவது உண்மை, முதல் நாளில் காய்ச்சல் வருவதும் உண்மை. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. மூச்சுப் பயிற்சி அவசியம்தான், நிமோனியா வராமல் இருக்க. ஆனால் “நுரையீரல் சுருக்கம்” என்று எழுதிவிட்டால் அதோடு தேடல் நின்றுபோகிறது. அதுதான் என் சண்டை.

முதல் இரண்டு நாளிலேயே உயிரைக் குடிக்கக்கூடியவை சில உண்டு. எண்ணிக்கையில் குறைவு என்பதால் மறந்துபோகிறோம். ஒன்று, காயத்தில் வேகமாகப் பரவி சதையை அழுக வைக்கும் தொற்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், க்ளோஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் 24 மணிக்குள் கூட வரும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பைவிட வலி பல மடங்கு இருக்கும், தோல் செம்பு நிறமாகவோ கொப்புளமாகவோ மாறும், அமுக்கினால் நறநறக்கும், பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி நாற்றத்தோடு வடியும். மருந்து மட்டும் போதாது, தியேட்டருக்கே திரும்ப வேண்டும்.

இன்னொன்று, ரத்தம் ஏற்றும்போதோ ஏற்றி 4 மணி நேரத்துக்குள்ளோ வரும் காய்ச்சல். பையை உடனே நிறுத்துங்கள், செட்டை மாற்றி சலைன் போடுங்கள், பையில் உள்ள பெயரையும் குரூப்பையும் கையிலுள்ள பட்டையோடு ஒப்பிடுங்கள், பையை ரத்த வங்கிக்கு அனுப்புங்கள். வேகத்தை மட்டும் குறைத்துவிட்டுப் பார்ப்போம் என்று நிற்பது தவறு. தப்பான குரூப் என்றால் ஒவ்வொரு மில்லியும் கணக்கு.

மயக்க மருந்தால் வரும் அதிவெப்பம் அரிது. பெரும்பாலும் தியேட்டரிலேயே அல்லது வெளியே வந்த சற்று நேரத்தில் தெரிந்துவிடும்: தாடை இறுகும், உடம்பு விறைக்கும், காய்ச்சல் மளமளவென ஏறும். மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடுங்கள், அதற்கான மருந்து டான்ட்ரோலீன் வேண்டும்.

*மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்.* இப்போது குழாய்களின் காலம். சிறுநீர்க் குழாய் இரண்டு நாளைத் தாண்டியிருந்தால் சிறுநீர்த் தொற்று, கையில் கேனுலா (ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசிக் குழாய்) போட்ட இடத்தில் ரத்தநாள வீக்கம், படுத்தே கிடப்பவருக்கும் வாந்தி புரையேறியவருக்கும் நிமோனியா. தினமும் குடித்துக்கொண்டிருந்தவருக்குக் குடி நின்ற இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத ஆளோடு பேசத் தொடங்கினால் அதிலும் காய்ச்சல் வரும். “குடிப்பாரா?” என்று கட்டிலருகே எல்லோர் முன்னும் கேட்டால் இல்லை என்பார்கள். மனைவியையோ மகனையோ வராந்தாவுக்கு அழைத்துத் தனியாகக் கேளுங்கள்.

*ஐந்திலிருந்து பத்தாம் நாள்.* காயத்தில் சீழ் பிடிப்பது சாதாரணமாக இங்கேதான் வெளிப்படும். குடலை இணைத்துத் தைத்தவர்களுக்குத் தையல் விட்டுக் கசிவதும் பெரும்பாலும் இந்த வாரத்தில்தான். வயிற்றுக்குள் சீழ்க்கட்டி, காலில் ரத்தக்கட்டி இரண்டும் இதே பட்டியலில் சேரும். இந்த நாட்களில் புதிதாகக் காய்ச்சல் வந்தால், காரணம் உண்டு என்று வைத்துக்கொண்டே தேடுங்கள்.

*அதற்குப் பிறகு.* மருந்தால் வரும் காய்ச்சல், ஆழத்தில் தங்கிய சீழ், வலை அல்லது பிளேட் வைத்த இடத்தில் தொற்று. காயத் தொற்றை 30 நாள் வரை ஆபரேஷன் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். உள்ளே செயற்கைப் பொருள் வைத்த சில ஆபரேஷன்களுக்கு 90 நாள்.

5. போர்வையை விலக்குங்கள்

தலையில் தொடங்கிக் காலில் முடியுங்கள். தோன்றியபடி பார்த்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும், விட்டுப்போனதில்தான் விஷயம் இருக்கும். பெண் நோயாளி என்றால் திரை போட்டு, சிஸ்டரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னத்தைப் பாருங்கள். பட்டினி கிடந்து வாய் வறண்ட முதியவர்களுக்குக் காதுக்கு முன்னே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கும். முதுகில் ஊசி போட்டு மயக்கம் கொடுத்தவருக்குத் தலைவலி இருந்தால் கழுத்தை வளைத்துப் பாருங்கள். முதுகு ஊசியால் வரும் தலைவலிக்குக் காய்ச்சல் கிடையாது. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் மூளைக்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு உடனே சீனியரைக் கூப்பிடுங்கள்.

நெஞ்சை முன்னால் மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். படுத்திருப்பவருக்குக் கோளாறு முதுகுப்பக்க அடிநுரையீரலில் இருக்கும். அட்டெண்டரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி உட்காரவைத்துக் கேளுங்கள். இருமச் சொல்லுங்கள், சளியின் நிறத்தைப் பாருங்கள். வலிக்குப் பயந்து இருமாதவர்தான் நிமோனியாவுக்குப் போகிறார். வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொன்னால் முடியும்.

கேனுலாவின் மேல் பிளாஸ்டரைச் சுற்றி, அதன் மேல் துணியையும் கட்டியிருப்பார்கள். எடுங்கள். சிவந்து, கயிறு மாதிரிக் கையில் தட்டுப்பட்டு, தொட்டால் வலித்தால் அதைக் கழற்றிவிட்டு வேறு கையில் போடுங்கள். ஓடாத பழைய கேனுலாவை “எதுக்கும் இருக்கட்டும்” என்று விட்டுவைப்பது எல்லா வார்டிலும் இருக்கும் பழக்கம். அந்த ‘எதுக்கும்’ காய்ச்சலாகத்தான் வந்து முடியும். ஊசி போட்ட புட்டத்தையும் அமுக்கிப் பாருங்கள், அங்கே கட்டி வைத்திருப்பதை யாரும் தேடுவதில்லை.

இனி காயம். டிரெஸ்ஸிங் மேலே சுத்தமாக இருக்கிறது என்பது உள்ளே சுத்தம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. முதல் 48 மணி நேரத்தில் காரணமில்லாமல் பிரிக்க வேண்டாம். ஆனால் வலி அளவு மீறினாலோ ஆள் சோர்ந்தாலோ நேரம் பார்க்காமல் பிரியுங்கள். விளிம்பின் சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு மணியை எழுதுங்கள். அடுத்த ட்யூட்டிக்கு வருபவர் அந்தக் கோட்டைத் தாண்டியதா என்று பார்த்தால் போதும். மெல்ல அமுக்குங்கள், கல் மாதிரி இருக்கிறதா, தளும்புகிறதா? சீழ் இருந்தால் ஓரிரு தையலைப் பிரித்து வெளியேற்றுவதுதான் வைத்தியம். தோலோடு நின்ற சீழுக்கு அது பெரும்பாலும் போதும். மூடி வைத்துவிட்டு எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அடங்காது.

ட்ரெயின் (உள்ளே தேங்குவதை வெளியே விடும் குழாய்) பையில் என்ன வருகிறது, எவ்வளவு, நேற்றைக்கும் இன்றைக்கும் நிறம் மாறியதா? மஞ்சளும் பச்சையும் கலந்தோ மல நாற்றத்தோடோ வந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சிறுநீர்ப் பை தரையில் கிடக்கிறதா, மூத்திரப்பைக்கு மேலே கம்பியில் தொங்குகிறதா? நோயாளியை ஸ்ட்ரெச்சரில் நகர்த்தும்போது அட்டெண்டர் பையை வயிற்றின் மேல் வைத்துவிடுவார், பையில் உள்ளது திரும்பி உள்ளே போகும்.

கடைசியில் கால். இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். கட்டை விரலோ முழங்காலோ திடீரென வீங்கிச் சிவந்திருந்தால் கவுட் (யூரிக் அமிலத்தால் வரும்) மூட்டு வீக்கமாக இருக்கலாம்; ஆபரேஷனுக்குப் பின் அது கிளம்புவதுண்டு.

6. எந்த ஆபரேஷன் என்பதற்கேற்ற சந்தேகம்

வயிற்று ஆபரேஷன் என்றால் காற்றுப் பிரிந்ததா என்று கேளுங்கள். பிரிந்து, சாப்பிடத் தொடங்கியவருக்கு ஐந்தாம், ஆறாம் நாளில் மறுபடி வயிறு உப்பி, நாடி ஏறி, சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள். குடல்வால் எடுத்த ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலோடு அடிக்கடி சளியாக மலம் போகிறது என்றால் வயிற்றுப்போக்கு மாத்திரை எழுதி அனுப்பாதீர்கள். இடுப்புக் குழியில் சீழ் தேங்கினால் இப்படித்தான் போகும். விரல் பரிசோதனை செய்து, ஸ்கேன் எடுங்கள்.

சிசேரியன் ஆன தாய்க்கு, அடிவயிற்றை அமுக்கினால் வலித்து, உதிரப்போக்கு நாறினால் கருப்பைத் தொற்று. பால் கட்டி மார்பு கல் மாதிரி ஆவதாலும் மூன்றாம் நாள் வாக்கில் லேசான காய்ச்சல் வரும். அது சீக்கிரம் இறங்கும். பால் கட்டு என்று பாட்டி சொன்னாலும் கருப்பையை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பைபாஸ் ரோட்டில் அடிபட்டுத் தொடை எலும்போ கீழ்க்கால் எலும்போ முறிந்து வருபவர்கள் சேலத்தில் எந்நாளும் இருப்பார்கள், நாலு பக்கமும் நெடுஞ்சாலை. அடிபட்ட 24 முதல் 72 மணிக்குள் காய்ச்சலோடு மூச்சுத் திணறல், குழப்பம், மார்பிலும் அக்குளிலும் கண் இமைக்கு உள்ளேயும் சிவப்புப் புள்ளிகள் வந்தால் கொழுப்பு ரத்தத்தில் கலந்து அடைக்கிறது என்று பொருள். ஆக்ஸிஜன் அளவை உடனே பாருங்கள். ஐசியூ தேவைப்படும்.

7. டெஸ்ட்: சந்தேகத்துக்குப் பிறகு

“ஃபீவர் ஒர்க்-அப்” என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் எழுதுவதை விடுங்கள். முதல் இரண்டு நாளில் வெள்ளை அணுவும் சிஆர்பியும் (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) ஆபரேஷனாலேயே ஏறியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து ஆன்டிபயாடிக் மாற்றினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாக ஆகும். மூன்றாம் நாளுக்குப் பிறகு இறங்க வேண்டியது ஏறுகிறதா என்பதுதான் பயன்படும் தகவல்.

ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) எடுப்பதென்றால் ஆன்டிபயாடிக் போகும் முன், இரண்டு வெவ்வேறு இடத்தில் புதிதாகக் குத்தி எடுங்கள். பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. 2 மில்லி மட்டும் ஊற்றிவிட்டு “கிருமி வளரவில்லை” என்ற ரிசல்ட்டை நம்புவது வீண். கேனுலாவிலிருந்து இழுக்காதீர்கள், தோல் கிருமிதான் வளரும். காய்ச்சல் உச்சத்துக்கு ஏறட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை.

சிறுநீரைப் பையிலிருந்து பிடிக்காதீர்கள். குழாயில் உள்ள சாம்பிள் இடத்தைத் துடைத்து ஊசியால் எடுங்கள். நாள்பட்ட குழாயில் கிருமி வளர்வது சாதாரணம். அறிகுறி இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி இருந்தால் அதற்கு மருந்து வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரே மூச்சில் கோளாறு இருந்தால். வயிற்று சிடி, சீழ் அல்லது கசிவு என்ற சந்தேகம் இருந்தால், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் பார்த்த பிறகு.

8. மருந்து கொடுக்கும் வரிசை

வெப்பத்தைச் சார்ட்டில் எழுதிவிட்டு, பிறகு பாராசிட்டமால். நாளுக்கு 4 கிராமுக்கு மேல் வேண்டாம். 50 கிலோவுக்குக் குறைந்தவர், கல்லீரல் கெட்டவர் என்றால் இன்னும் குறைவு. ட்ரிப்ஸில் போவதையும் மாத்திரையையும் சேர்த்துக் கூட்டுங்கள். அட்டெண்டர் பையில் வைத்திருக்கும் மாத்திரையையும்தான்.

அழுத்தம் விழுந்து, ஆள் மோசமாக இருந்தால் கல்ச்சர் எடுத்த கையோடு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும். கல்ச்சர் பாட்டில் கிடைக்கவில்லை என்றால் பாட்டிலுக்காக நிற்காதீர்கள். ஆள் நன்றாக இருந்தால் அவசரமே இல்லை. காரணம் தெரிந்த பிறகு அதற்கேற்ற மருந்து. முதலிலேயே மெரோபெனம் மாதிரிப் பெரிய ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால் காய்ச்சல் இரண்டு நாள் அடங்கி, உள்ளே சீழ் பத்திரமாக வளரும். வெளியேற்ற வேண்டியதை வெளியேற்று, கழற்ற வேண்டியதைக் கழற்று, அப்புறம் மருந்து: இந்த வரிசை மாறக்கூடாது.

9. எல்லாம் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்

மறுபடி 5-ஆம் படிக்குப் போங்கள். ராத்திரி இல்லாத சீழ் காலையில் இருக்கும்.

மருந்துப் பட்டியலை எடுங்கள். ஆள் தெம்பாக உட்கார்ந்து பேசுகிறார், சாப்பிடுகிறார், காய்ச்சல் மட்டும் விடவில்லை. மருந்து தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. பென்சிலின் வகை, செஃபலோஸ்போரின், சல்ஃபா, ஃபெனிட்டாய்ன் ஏதாவது ஓடினால் சீனியரிடம் கேட்டு நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு மாத்திரை விட்டுப்போனால் காய்ச்சலோடு அழுத்தம் விழும். ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தால்தான் ஏறும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ யாரோ கொடுத்த “வெள்ளை மாத்திரை” என்று சொல்வார்கள். சீட்டையோ அட்டையையோ கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆபரேஷன் ஆனவருக்கு ஊர்க் காய்ச்சல் வராது என்று சட்டமில்லை. ஊரில் கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்து டெங்கு வார்டில் வைத்து வெளிவரும். வெள்ளை அணு ஏறாமல் இறங்கி, தட்டணுவும் குறைந்தால் காயத்தை விட்டுவிட்டு டெங்கு பாருங்கள், டைக்ளோஃபினாக்கை நிறுத்துங்கள். காபித் தோட்டத்திலோ புதரிலோ வேலை செய்துவிட்டு வந்தவருக்கு ஸ்க்ரப் டைபஸ் (புதரில் உள்ள சிறு உண்ணிப்பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) கணக்கில் வர வேண்டும். சிகரெட் சுட்ட மாதிரிக் கறுத்த பொருக்கு அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்கு அடியிலோ இடுப்புக் கயிறு பதியும் இடத்திலோ இருக்கும். கடித்து 6 முதல் 21 நாள் வரை கழித்துக் காய்ச்சல் வரும் என்பதால் ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் எங்கே வேலை என்று கேட்க வேண்டும். சர்ஜரி வார்டில் கொடுக்கும் செஃப்ட்ரையாக்ஸோனும் மெரோபெனமும் இதில் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும்.

10. வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியவை

ஐந்தாம் நாளுக்குப் பிந்தைய காய்ச்சல் பல நேரம் வீட்டில்தான் வரும். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் “காய்ச்சல் வந்தால் வரவும்” என்று எழுதினால் போதாது. எத்தனை டிகிரி என்று எழுதுங்கள்: 100.4. தெர்மாமீட்டர் வாங்கச் சொல்லி, பேட்டரி போட்டு, அளக்க வைத்துக் காட்டி அனுப்புங்கள். காயம் சிவந்து வடிந்தால், வயிறு உப்பினால், ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் வர வேண்டும் என்றும் எழுதுங்கள். துளை ஆபரேஷன் செய்தவருக்கு வாரங்கள் கழித்துத் துளை இடத்தில் கட்டி கிளம்பி, வழக்கமான மாத்திரைக்கு ஆறாமல் வடிந்துகொண்டே இருந்தால் அது வேறு வகைக் கிருமி, காய்ச்சலே இருக்காது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் காலம் கடத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பத்தியத்தைப் பற்றி வீட்டார் கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே பேச்சை எடுங்கள். பருப்பு போட்டால் சீழ் வைக்கும், முட்டை ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று ரசம் சோறே கதி என்று வைத்துவிடுகிறார்கள். காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். “அம்மா, பருப்பும் முட்டையும் தினமும் குடுங்க, சீழ் அதனால வராது” என்று மாமியாரைப் பார்த்துச் சொல்லுங்கள். சமையலறையில் முடிவெடுப்பவர் யாரோ அவரிடம் சொன்னால்தான் நடக்கும்.

ஏற்காடு மலைக்காரர்களுக்குத் தனியாக யோசிக்க வேண்டும். நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர் முதலில் ஏற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் கிடையாது. சாயங்காலம் காய்ச்சல் ஆரம்பித்தால் “விடிஞ்சதும் பார்த்துக்கலாம்” என்றுதான் தோன்றும். குடல் இணைத்தவர், சீழ் எடுத்தவர், சர்க்கரை உள்ளவர் என்றால் ஐந்து, ஆறாம் நாள் தாண்டும் வரை சேலத்திலேயே, வார்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மலைக்குப் போயே தீர வேண்டும் என்றால் ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டிய நாளையும், வார்டு போன் நம்பரையும், 108-ஐ எந்த நிலையில் கூப்பிட வேண்டும் என்பதையும் சீட்டின் முதல் பக்கத்தில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பிறகு அதை அட்டெண்டரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையைப் போனில் பிடித்து அதே விவரத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.